முதல் மழையும் குட்டைத் தவளைகளும்

அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் ஒரு மழை வரும். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். மதியம் மூன்று மணி வரை அனல் அடிக்கும். பிறகு செஞ்சி மலைப் பக்கம் கருக்கல் கட்டும். ஐந்து மணி வாக்கில் புழுதிக் காற்று சுழன்றடிக்கும். அப்புறம் அரை மணி, முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்க்கும். கரண்ட் போய்விடும். மண் வாசனைக்கு ஊரே வாசலில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள குட்டைக்குப் போய்ப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் போகிற இடம், திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் வழியில் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிற ஒரு பள்ளம். எப்போதோ சவுடு எடுத்த குழி. மாசி மாதத்திலேயே வற்றி, பாளம் பாளமாக வெடித்துவிடும். பங்குனியிலும் சித்திரையிலும் பையன்கள் அதற்குள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். ஒரு வருஷம் வைகாசி தொடக்கத்தில் அப்படி ஒரு மழை. மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போனேன். பையன்கள் பந்து போட்ட இடத்தில் கணுக்கால் அளவு செந்நீர் தேங்கியிருந்தது. அந்த நீரிலிருந்து எழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது காதில் விழவில்லை.

பக்கத்தில் நின்றவர் ஒரு பெரியவர். மல்லாட்டைக் கொல்லைக்கு வரப்பு உடைந்துவிட்டதா என்று பார்க்க மண்வெட்டியோடு வந்தவர்.

“என்னா தம்பி, பாம்பு கீம்பு தேடுறீங்களா?”

“இல்லீங்க பெரியவரே, தவளை பார்க்கலாம்னு வந்தேன்.”

“தவளைய பார்க்கிறதுக்கு என்னாத்துக்கு டார்ச்சு? காது இருக்குதுல்ல” என்று சொல்லிவிட்டு வரப்போடு நடந்து போய்விட்டார்.

அவர் சொன்னதுதான் முதல் பாடம். அதற்கு முன்னால், அந்தப் பள்ளத்தைத் தேடி நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் குடியேறிவிட்ட எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி மார்ச் மாதத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் எடுத்தது. விரல் நீளத்தில், வழவழவென்று, வாலோடும் நான்கு காலோடும் தண்ணீருக்கடியில் ஓர் உயிர். “மாமா, இதுக்குப் பேர் நியூட்டாம். குளிர் விட்டதும் ராத்திரியில குளத்துக்கு நடந்து வருதாம். இதைப் பார்க்கவே டார்ச்சோட ஒரு கூட்டம் கிளம்புது. நம்ம ஊர்ல இது உண்டா?” என்று கேட்டிருந்தாள்.

நம் ஊரில் கிடையாது. பார்த்த மாத்திரத்தில் நமக்கு அது பல்லி மாதிரியோ அரணை மாதிரியோ தோன்றும். ஆனால் பல்லிக்கும் அரணைக்கும் உடம்பெல்லாம் செதில். அவை ஊர்வன. நியூட்டுக்குச் செதில் இல்லை. ஈரமான மெல்லிய தோல் மட்டுமே. தவளையைப் போல் நீரில் முட்டையிட்டு, செவுளோடு நீந்தும் குஞ்சாகப் பிறந்து, பிறகு கரையேறுகிற இனம். வால் உதிராத தவளைச் சாதி என்று சொன்னால் பாதி புரிந்துவிடும். அறுந்து போன காலை எலும்போடும் தசையோடும் மறுபடி முளைக்க வைக்கும் திறமை அதற்கு உண்டு. அதனாலேயே உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் அதை வளர்க்கிறார்கள். (அரணை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அரணை கடித்தால் மரணம் என்று நம் ஊரில் அதை அடித்துக் கொல்கிறார்கள். அரணைக்கு விஷமே கிடையாது.)

இந்தியாவில் நியூட்டைப் பார்க்க வேண்டுமானால் டார்ஜிலிங் பக்கமோ வடகிழக்கு மலைகளுக்கோ போக வேண்டும். டார்ஜிலிங் மலைக் குளங்களில் இருப்பது 1871-இல் சீனாவின் யுனான் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட இனம்தான் என்று நூறு வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2015-இல்தான் அதைத் தனி இனமாகப் பிரித்து, இமயத்தின் பெயரையே வைத்தார்கள். குளிர்காலம் முழுவதும் கல்லுக்கடியிலும் சருகுக்கடியிலும் முடங்கிக் கிடந்துவிட்டு, மழை தொடங்கியதும் குளத்துக்கு இறங்கி வரும். டார்ஜிலிங் அருகே ஜோர்போக்ரி என்ற இடத்தில், சில ஏக்கரே பரப்புள்ள ஒரு சரணாலயம் இதன் பெயரால் அறியப்படுகிறது.

அது தெற்கே வராததற்குக் காரணம் கண்டங்களின் வரலாற்றில் இருக்கிறது. வாலுள்ள இந்த இருவாழ்விகள் தோன்றியதும் பரவியதும் வடக்குக் கண்டங்களில். நம் தீபகற்பமோ ஆப்பிரிக்காவோடும் மடகாஸ்கரோடும் ஒட்டியிருந்த தெற்கு நிலத்தின் துண்டு. அது பிரிந்து, தனித் தீவாக நகர்ந்து, பிறகுதான் ஆசியாவை முட்டியது. ஆசியாவிலிருந்து நியூட்டுகள் மலை வழியாக இமயத்தின் கிழக்கோரம் வரைதான் வந்து சேர்ந்தன. அந்தத் தெற்குத் துண்டு சுமந்து வந்தது தவளைகளை. மேற்குத் தொடர்ச்சி மலையில் 2003-இல் அறிவியலுக்கு அறிமுகமான ஊதாத் தவளையின் நெருங்கிய உறவுகள், கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. அதே குடும்பத்தின் இரண்டாவது இனம் 2017-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பக்கமிருந்து விவரிக்கப்பட்டது. கோயம்புத்தூர் சலீம் அலி மையத்தில் பணியாற்றி, 2014-இல் களப்பணியின்போது மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது.

அதனால் அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிய பதில் இதுதான்: நியூட் இல்லை, ஆனால் அந்த இரவு நமக்கும் உண்டு. உங்கள் ஊரில் குளிர் விட்டால் அவை எழுந்து வருகின்றன. இங்கே வெயில் விட்டால் தவளைகள் வருகின்றன. அங்கே தேவைப்படுவது சூடு, இங்கே தேவைப்படுவது ஈரம். இளவேனில் என்று நம் பஞ்சாங்கம் சொல்கிற சித்திரையும் வைகாசியும் தவளைக்கு வாழ்வு தருகிற மாதங்கள் அல்ல. அதன் வசந்தம் முதல் மழையன்று தொடங்குகிறது.

இனி அந்தப் பள்ளத்துக்கு வருகிறேன். பெரியவர் சொன்னபடி டார்ச்சை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். முதலில் ஒரே இரைச்சல். ஐந்து நிமிஷம் பொறுத்தால் இரைச்சல் பிரியும். கரையோரப் புல்லடியிலிருந்து சீப்பின் பற்களை நகத்தால் இழுத்தது போல ஒரு ‘க்ர்ர்ர்’. அது குறுவாய்த் தவளை. ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் உட்கார வைத்துவிடலாம், அவ்வளவு சிறியது. கொஞ்சம் தள்ளி ‘அவாங்... அவாங்...’ என்று விட்டு விட்டு ஒரு குரல். அது வளை தோண்டும் தவளை. கருவேல மரத்தடியிலிருந்து மரக்கட்டையைத் தட்டுவது போல ‘டக்டக்டக்’ என்றால் மரத்தவளை. முடிவே இல்லாமல் ‘கிர்ர்ர்... கிர்ர்ர்...’ என்று சோகமாக இழுப்பது சொறித்தவளை. இவை எல்லாவற்றுக்கும் நடுவில், தண்ணீரின் மத்தியிலிருந்து, ஆட்டுக்கடா தொண்டை கட்டிக்கொண்டு கத்துவது போல ஒரு குரல். அன்றைக்கு நான் தேடியது அதைத்தான்.

குரல் வந்த பக்கம் மெதுவாக வெளிச்சத்தை நகர்த்தினேன். தண்ணீரில் ஒரு பலூன் மிதந்தது. பலூன் என்பது வெறும் உவமையில்லை. ஆங்கிலத்திலும் அதற்கு அந்தப் பெயர்தான். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டை உடம்பு. அதன் முன்னால் ஒட்ட வைத்தது போலச் சின்னத் தலை. குட்டைக் கால்கள். பழுப்பும் இளஞ்சிவப்புமாகப் பளிங்குக் கோடுகள் ஓடும் வழுவழுப்பான தோல். காற்றை நிரப்பிக்கொண்டு கத்தும்போது அதன் தொண்டை, உடம்பளவுக்கே இன்னோர் உருண்டையாகப் புடைக்கிறது. ஒவ்வொரு கத்தலுக்கும் நீரில் வட்ட வட்டமாக அலை பரவுகிறது.

ஒன்று கரையோரமாக வந்து ஒதுங்கியது. குனிந்து அதன் பின்னங்காலைப் பார்த்தேன். பாதத்தின் அடியில், குதிகால் பக்கம், நகம் போல் கெட்டியான இரண்டு விளிம்புகள். சின்னஞ்சிறு மண்வெட்டிகள். சற்று நேரத்தில் அது கரை ஈரமண்ணில் உட்கார்ந்து, இடக்காலும் வலக்காலும் மாற்றி மாற்றி மண்ணைத் தள்ளியது. முன்னால் தோண்டி உள்ளே நுழைகிற உயிர் இல்லை இது. உட்கார்ந்த இடத்திலேயே பின்னோக்கி இறங்குகிறது. முதலில் இடுப்பு மறைந்தது, பிறகு முதுகு. கடைசியில் இரண்டு கண் மட்டும் மண்ணுக்கு மேல் இருந்தன. அப்புறம் அதுவும் இல்லை. மேலே மண் தானாகச் சரிந்து மூடிக்கொண்டது. சில நிமிஷம் முன்பு நான் பார்த்தது அங்கே இருந்ததற்கு ஒரு தடயமும் இல்லை. பையன்கள் பங்குனி முழுக்க ஓடி விளையாடியது இவற்றின் தலைக்கு மேலேதான்.

மண்ணுக்குள் மாதக்கணக்கில் சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் எப்படி இருக்கிறது? தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல் வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆழத்து மண்ணில் மிச்சமிருக்கிற ஈரம் அதற்குப் போதும். சிறுநீர்ப்பையில் சேர்த்து வைத்த நீரை, வறட்சி முற்றும்போது உடம்புக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் கறையானும் எறும்புமாகத் தின்று சேர்த்த கொழுப்பு வயிற்றுக்குள் இருக்கும். மூச்சையும் இதயத் துடிப்பையும் குறைத்து, அந்தக் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும். ஆஸ்திரேலியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சில தவளைகள் உரித்த தோலையே அடுக்கடுக்காகப் போர்த்திக்கொண்டு, பட்டுக்கூடு மாதிரி அதற்குள் உறங்குகின்றன.

மேலே மழை பெய்கிறது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? ஈரம் இறங்கி வந்து தொடுவதற்கு நேரமாகும். ஆனால் மழை விட்ட அன்றிரவே அவை வெளியே வந்துவிடுகின்றன. அமெரிக்கப் பாலைவனத்தில் இதே மாதிரி புதைந்து வாழும் தேரைகளை வைத்து 1980-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு மின்மோட்டாரை ஓடவிட்டு நிலத்தை அதிர வைத்தார்கள். ஒரு சொட்டு ஈரம் இல்லாத மண்ணிலிருந்தும் தேரைகள் எழுந்து வந்துவிட்டன. மழை மண்ணில் அறைகிற அதிர்வுதான் அவற்றுக்கு அழைப்பு. நம் ஊர்த் தவளைகளும் கொட்டித் தீர்க்கிற இடி மழைக்குத்தான் எழுந்து வருகின்றன, தூறலுக்கு வருவதில்லை. பல வருஷம் அந்தப் பள்ளத்தில் நின்று நான் பார்த்தது இது.

இதை நம் முன்னோர்கள் கவனிக்காமல் விடவில்லை. தமிழில் நுணல் என்று ஒரு சொல் இருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான பழமொழி நானூற்றில், முன்றுறை அரையனார் அந்த நுணலை மணலுக்குள் முழுகி மறைந்து கிடப்பது என்றே விவரிக்கிறார். அப்படி மறைந்து கிடந்தும் கத்தியதால் அது அகப்பட்டுக்கொள்கிறது என்பது பாட்டின் கருத்து. தவளை தன் வாயால் கெடும் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். மண்ணுக்குள் புதையும் தவளை ஒன்று உண்டு, அதன் இருப்பைக் காட்டிக்கொடுப்பது குரல் மட்டுமே என்ற உயிரியல் செய்தி அதற்குள் இருக்கிறது. பெரியவர் டார்ச் எதற்கு என்று கேட்டாரே, அவர் அந்தப் பரம்பரையில் வந்தவர்.

வாயால் கெடுவது மெய்தான் என்பதை ஆய்வாளர்கள் பிற்பாடு நிரூபித்தார்கள். பனாமாக் காடுகளில் ஒரு வௌவால் இருக்கிறது. ஆண் தவளை கத்துவதைக் கேட்டே பறந்து வந்து கவ்விக்கொண்டு போகும். எது தின்னத் தகுந்தது, எது விஷம், எது விழுங்க முடியாத பெரியது என்பதைக்கூடக் குரலை வைத்தே அது பிரித்தறிகிறது என்று டட்டில், ரயன் என்ற ஆய்வாளர்கள் 1981-இல் எழுதினார்கள். அப்படியிருந்தும் ஆண் தவளை ஏன் கத்துகிறது? கத்தாத ஆணைப் பெண் தேடி வராது. இருட்டில், கலங்கிய நீரில், ஐந்தாறு இனங்கள் ஒரே குட்டையில் நெருக்கியடிக்கும்போது, தன் இனத்து ஆண் எங்கே என்று பெண்ணுக்குத் தெரிய வேறு வழியும் இல்லை. ஒவ்வோர் இனத்துக்கும் தனிச் சுருதி, தனித் தாளம். பெண்ணின் காது தன் இனத்துச் சுருதிக்கே கூர்மையாக அமைந்திருக்கிறது. நமக்கு இரைச்சலாகக் கேட்பதில் அதற்கு வேண்டிய ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்கும்.

பக்கத்திலேயே வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற ஏரி இருக்கும்போது இந்த அற்பப் பள்ளத்துக்கு ஏன் வர வேண்டும் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். விடை மீன். ஏரியில் விராலும் கெளுத்தியும் உண்டு. தவளை முட்டையும் தலைப்பிரட்டையும் அவற்றுக்கு நல்ல தீனி. நேற்றுவரை கட்டாந்தரையாகக் கிடந்த குழியில் மீன் இருக்க முடியாது. ஆகையால் குழிதான் பத்திரம். ஆனால் குழி வற்றிவிடும். பலூன் தவளையின் முட்டைகள் நீர்ப்பரப்பில் மெல்லிய படலமாக மிதக்கும். சில நாளில் தலைப்பிரட்டை. நீர் வற்றுவதற்குள் கால் முளைத்து, வால் சுருங்கி, கரையேறிவிட வேண்டும். ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம். அடுத்த மழை தள்ளிப்போனால் அத்தனையும் சேற்றில் காய்ந்து போகும். அப்படிக் காய்ந்ததையும் பார்த்திருக்கிறேன். கருப்பு உளுந்தைக் கொட்டிப் பரப்பியது போல இருந்தது.

மழை அளவுக்கு மீறினாலும் ஆபத்துதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. குட்டைக்கும் ஏரிக்கும் வயலுக்கும் வித்தியாசம் இல்லாமல் எல்லாம் ஒரே தண்ணீர்க்காடு ஆனது. அப்படி ஆகும்போது மீன் எல்லா இடத்துக்கும் போய்விடும்.

அந்தக் குட்டையில் பார்க்க வேண்டிய இன்னொன்று, பெரிய தவளை. கை நீளத்தில் பாதிக்கு வருகிற உருவம் என்று சொல்லாதவர் இல்லை, ஆனால் அளந்தால் 15 செ.மீ. சுமார்தான். மற்ற நாளில் பாசிப் பச்சையும் பழுப்புமாக, முதுகில் ஒரு வெளிர்கோட்டோடு வரப்பில் உட்கார்ந்திருக்கும். பெருமழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். ஆண்கள் எல்லாம் எலுமிச்சை மஞ்சள். தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் புடைத்திருக்கும். கூட்டத்தில் பெண்ணை அடையாளம் கண்டுகொள்ள உதவும் நிறம் என்கிறார்கள். சில நாள்தான், பிறகு பழைய பச்சைக்குத் திரும்பிவிடும். இதன் தலைப்பிரட்டைகள் மற்றத் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்று வளரும்.

மனிதர் கையில் அதிகம் பட்டதும் இந்தத் தவளைதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தவளைக்கால் கறிக்கு இருந்த கிராக்கிக்காக, 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான டன் தவளைக்கால் ஏற்றுமதியானது. வயலிலிருந்து சாக்குச் சாக்காகப் பிடித்துப் போனார்கள். தவளை குறைந்த வயலில் பூச்சி பெருகும் என்று ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். 1985-இல் இந்த இனம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. 1987-இல் இந்தியா ஏற்றுமதியை அடியோடு தடை செய்தது. அந்தத் தடை வந்திராவிட்டால் இன்று நம் பிள்ளைகளுக்கு மஞ்சள் தவளையைப் படத்தில்தான் காட்ட வேண்டியிருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

விழுப்புரத்துக்குக் கிழக்கே புதுச்சேரி பக்கம் உள்ள குளங்களுக்கு இன்னொரு பெருமை உண்டு. அல்லியும் தாமரையும் படர்ந்த நீரில், இலையோடு இலையாகப் பளிச்சென்ற பச்சையில் உட்கார்ந்திருக்கும் தவளையைப் பார்த்திருப்பீர்கள். உலக அறிவியலுக்கு அந்த இனம் முதன்முதலாக அறிமுகமானதே புதுச்சேரியிலிருந்துதான். லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1834-இல் அதை விவரித்தார். தவளை என்றால் பூச்சி தின்னும் உயிர் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ஆனால் வளர்ந்த பச்சைத் தவளை நீர்ச்செடிகளை நிறையவே தின்கிறது என்று இந்திரனீல் தாஸ் என்ற ஆய்வாளர் 1996-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். குஞ்சாக இருக்கும்போது பூச்சி, வளர வளர இலையும் பூவும். உலகத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தவளை இனங்களில் இப்படி இலை தின்பவை மிகச் சொற்பம். அதில் ஒன்று நம் ஊர்க் குளத்தில் இருக்கிறது.

வீட்டுக்குள்ளேயே வருகிற தேரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளியலறைச் சுவரிலும் தண்ணீர்ப் பானைக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிர் நிற மரத்தவளையைத்தான் நம் வீடுகளில் தேரை என்கிறார்கள். அதைக் கண்டால் குழந்தை மெலிந்துவிடும் என்பார்கள். தேங்காய் சூம்பி, மட்டை வெடித்து, உள்ளே பருப்பில்லாமல் போனால் தேரை மோந்துவிட்டது என்பார்கள். தேங்காய்க்கு அந்தக் கதி மகரந்தச் சேர்க்கைக் குறையாலும், சத்துக் குறைவாலும், கண்ணுக்குத் தெரியாத ஈரியோபைட் சிலந்தியாலும் வருகிறது. அந்தச் சிலந்தி 1990-களின் இறுதியில் கேரளத்தில் தலைகாட்டித் தமிழ்நாட்டுத் தென்னைகளுக்கும் பரவியது. தேரை ஒரு பாவமும் அறியாது. அது முட்டையிடும் விதத்தைப் பார்த்தால் அடிக்கக் கை வராது. நீருக்கு மேல் தொங்கும் கிளையில் உட்கார்ந்து, தன் உடம்பிலிருந்து வரும் திரவத்தைப் பின்னங்கால்களால் தயிர் கடைவது போல் கடைந்து நுரையாக்கி, அதற்குள் முட்டைகளை வைக்கும். நுரையின் மேல்புறம் காய்ந்து கெட்டியாகும், உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் அடிப்பக்கம் கரைந்து, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகச் சொட்டி நீரில் விழும்.

குட்டையில் நீர் தேங்கினால் கொசு வரும் என்று பயப்படுகிறவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். இலங்கையில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், அங்குள்ள சில தவளை இனங்களின் தலைப்பிரட்டைகள் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகளைத் தின்பது தெரிந்தது. நம் சொறித்தவளையும் அந்தப் பட்டியலில் இருந்தது.

உலக அளவில் இருவாழ்விகளின் நிலை நன்றாக இல்லை. 2023-இல் வெளியான கணக்கின்படி நூற்றில் 41 இனங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. முதுகெலும்புள்ள உயிர்களில் இவ்வளவு மோசமான நிலை வேறு எந்தக் கூட்டத்துக்கும் இல்லை. நான் மேலே சொன்ன நம் ஊர்க் குட்டைத் தவளைகள் எதுவும் இன்று அந்தப் பட்டியலில் இல்லை. அவை பரவலானவை, சாதாரணமானவை. சாதாரணமாக இருப்பதுதான் அவற்றுக்கு வினை. யாரும் கணக்கெடுப்பதில்லை. குறைந்தால் தெரியாது.

மரக்காணம் பக்கம் உள்ள கழுவெளி ஈரநிலத்துக்கு 2021-இல் பறவைகள் சரணாலயம் என்ற பாதுகாப்பு கிடைத்தது. 2024-இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. மனதார மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் கழுவெளிக்கு நீர் கொண்டு வரும் வழியெங்கும் இருக்கிற தாங்கல், குட்டை, சவுடுப் பள்ளம் ஆகியவற்றுக்குக் காவல் இல்லை. ஏரிக்குப் பெயர் உண்டு, பட்டியல் உண்டு, குடிமராமத்து உண்டு. வருஷத்தில் சில மாதம் மட்டும் தண்ணீர் நிற்கிற குழிக்குப் பெயரே கிடையாது. மண் அடித்து மேடாக்கி மனை போட்டால் கேட்க ஆளில்லை. மிச்சமிருக்கிற குழியில் குப்பை விழுகிறது. திருச்சி நெடுஞ்சாலையில் மழை இரவுகளில் சாலை கடக்கும் தவளைகள் காலையில் தாளாக ஒட்டிக்கிடக்கின்றன. இங்கிலாந்தில் தேரைகள் சாலை கடக்கும் மாதத்தில் ஊர்க்காரர்கள் வாளியோடு வந்து தூக்கி அக்கரை சேர்க்கிறார்கள். அதை நம் நெடுஞ்சாலையில் செய்யச் சொல்ல மாட்டேன், உயிருக்கு ஆபத்து. ஆனால் கிராமச் சாலையில் மழை ராத்திரி வண்டியை மெதுவாக ஓட்டலாம்.

என் பள்ளம் இன்னும் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் கல் நட்டுவிட்டார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் போன வருஷமும் பலூன் தவளை கத்தியது.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைகள். தனியாகப் போகாதீர்கள். முழங்கால் வரை மூடும் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். தவளை இருக்கிற இடத்துக்குப் பாம்பும் வரும். தண்ணீர்ப்பாம்பு கடித்தால் வலிதான், ஆனால் கட்டுவிரியனும் இரவில்தான் நடமாடும். வெளிச்சத்தைத் தவளையின் கண்ணில் நேராக அடிக்காமல் சற்றுத் தள்ளி அடியுங்கள். கையில் எடுக்க வேண்டாம். அதன் தோல்தான் அதற்குப் பாதி நுரையீரல், நம் கையிலிருக்கும் உப்பும் சோப்பும் கொசு மருந்தும் அதற்கு ஆகாது. நுரைக்கூட்டை ஒடிக்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். செல்போனில் குரலைப் பதிவு செய்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால், இனம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். ஒன்றும் முடியாவிட்டால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மழை பெய்த தேதி, குட்டை இருக்கிற இடம், எத்தனை வகைக் குரல் கேட்டது என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அதே குட்டைக்குப் போய் மறுபடி எழுதுங்கள். விழுப்புரம் மாவட்டத்துக் குட்டைத் தவளைகளைப் பற்றி நமக்கு இப்போது மிகவும் தேவைப்படுவது அந்த நோட்டுப் புத்தகம்தான்.